பொரிச்ச வாழைப்பழம் டெஸர்ட் இல்லையாம்!

முதல்லயே சொல்லிடறேன், இது சமையல் குறிப்பு கிடையாது. (நடுவுல ஒரு இடத்துல சமையல் குறிப்பு மாதிரி ஒண்ணு வரும். அதையும் கோபத்தோடதான் எழுதியிருக்கேன்.)

விஷயம் இதுதான். போன மாசம் ஒரு கல்லூரி விழா. எந்தக் கல்லூரின்னு சொல்லப் போறதில்ல. கூடப் படிக்கிற மக்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தேவையில்ல. அதுல ஒரு போட்டி: "வீட்டிலேயே செய்யும் எளிய டெஸர்ட்". கவனிங்க, தலைப்புலயே வீடும் இருக்கு, எளிமையும் இருக்கு. என் தோழி ஒருத்தி பேர் கொடுத்திருந்தா. அவங்க அப்பா வாழை போடறவர். காலையில 5 மணிக்கு எழுந்து, தோட்டத்துக் கற்பூரவல்லிப் பழத்தை நீளவாக்குல கீறி, நெய்யில வறுத்து, நாட்டுச்சர்க்கரை தூவி, எவர்சில்வர் டப்பாவுல அடுக்கி, மடியில வெச்சுக்கிட்டு பஸ் ஏறியிருக்கா. கெங்கவல்லியில நான் ஏறும்போதே வண்டி பூரா வாசனை. கண்டக்டர் "என்ன பாப்பா டப்பாவுல?"ன்னு கேட்டு ஒரு துண்டு வாங்கித் தின்னாரு. அன்னிக்கு அதைத் தின்னு பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஏன்னா நடுவர் தின்னவே இல்ல. டப்பாவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "என்னம்மா இது, பஜ்ஜிக் கடை ஐட்டம் மாதிரி இருக்கு? டெஸர்ட்னா ஒரு கிரீம், ஒரு லேயர், ஒரு பிரசன்டேஷன் வேணாமா?"

முதல் பரிசு எதுக்குத் தெரியுமா? கடையில வாங்கின பிஸ்கட்டைப் பொடிச்சு, அதுமேல கடையில வாங்கின கிரீமைப் பூசி, அதுமேல கடையில வாங்கின சாக்லேட் சிரப்பை ஊத்தி, கண்ணாடி டம்ளர்ல வெச்ச ஒரு வஸ்துவுக்கு. அடுப்பே பத்த வைக்கல. ஆனா அது "வீட்டில் செய்தது". என் தோழிக்கு ஆறுதல் பரிசு. என்னன்னு கேளுங்க... ஒரு பிஸ்கட் பாக்கெட்! சிரிக்காதீங்க, நான் சத்தியமாத்தான் சொல்றேன். சாயங்காலம் பஸ்ல அவ ஒரு வார்த்தை பேசல. டப்பாவை அப்படியே பைக்குள்ள வெச்சிருந்தா. நான் கேட்டு வாங்கித் தின்னேன். ஆறிப்போயும் நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னிக்கு மேடையில கேட்டிருக்கணும். கேக்கல, பயம். அதனால இங்க கேக்கறேன். டெஸர்ட்னா என்ன?

சாப்பாட்டுக்கு அப்புறம் இனிப்பா ஒண்ணு, அவ்வளவுதானே? அந்தக் கணக்குல பார்த்தா நம்ம ஊர் டெஸர்ட்டே வாழைப்பழம்தான். இலைச் சாப்பாட்டுல பழம் இல்லாம எழுந்திரிச்சவங்க யாராவது உண்டா? எங்க தாத்தா கல்யாண வீட்டுல கடைசியா பாயசத்தை இலையில ஊத்தச் சொல்லுவார். அதுல பழத்தைப் பிசைவார், மேல அப்பளத்தை நொறுக்கிப் போடுவார். மொறுமொறுப்பு, பழம், இனிப்பு, நெய் எல்லாம் ஒரே வாயில. பொரிச்ச வாழைப்பழத்துல இருக்கறதும் இதேதான், அங்க தனித்தனியா பொரிச்சு இலையில சேருது, இங்க ஒண்ணாவே சேர்ந்து பொரியுது. நடுவர் ஐயா அந்த இலையைப் பார்த்திருந்தா "பிரசன்டேஷன் சரியில்ல"ன்னு தாத்தாவுக்கும் பிஸ்கட் பாக்கெட் கொடுத்திருப்பார்.

என் சந்தேகம், பிரச்சினை பேர்ல இருக்கு. எங்க வீட்டுல இதுக்குப் பேரே கிடையாது. அம்மாயி "பழம் பொரிச்சுத் தரட்டுமா?"ன்னுதான் கேக்கும். பேர் இல்லாத பண்டத்துக்கு மெனு கார்டுல இடம் இல்ல, மேடையில மரியாதை இல்ல. இதையே அமெரிக்காக்காரன் செஞ்சான். 1951ல, நியூ ஆர்லியன்ஸ்ல பிரென்னன்ஸ்னு ஒரு ஹோட்டல். மத்திய அமெரிக்காவுல இருந்து வாழைப்பழம் கப்பல் கப்பலா வந்து இறங்கின துறைமுகம் அது, அதனால பழத்துக்குப் பஞ்சமில்ல. ஹோட்டல் முதலாளி ஓவன் பிரென்னன் சமையல்காரர் பால் பிளாஞ்சே கிட்ட அந்தப் பழத்தை வெச்சுப் புதுசா ஏதாவது செய்யச் சொன்னார். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பட்டை, அதுல வாழைப்பழம், மேல ரம் ஊத்தி நெருப்பு, பக்கத்துல ஐஸ்கிரீம். முதலாளியோட நண்பர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் பேரை வெச்சு "பனானாஸ் ஃபாஸ்டர்"னு மெனுவுல ஏத்தினாங்க. இன்னிக்கு உலகம் பூரா சமையல் புத்தகத்துல இருக்கு. ரம்மையும் நெருப்பையும் எடுத்துட்டுப் பாருங்க, என் தோழியோட டப்பாதான் மிச்சம். அந்தப் பேரைச் சொல்லி அதே டப்பாவை நீட்டியிருந்தா நடுவர் எழுந்து நின்னு கை தட்டியிருப்பாருன்னு எனக்குத் தோணுது. 

கேக் இல்லாம டெஸர்ட்டான்னு கேக்கறவங்களுக்கு இன்னொரு சேதி. தாய்லாந்துல ரோட்டோரம் பொரிச்சு விக்கிற வாழைப்பழத்துக்குப் பேரே "க்ளுவாய் கேக்". :-) நீங்க நினைக்கிற கேக் இல்ல. க்ளுவாய்னா வாழை. கேக்னா விருந்தாளி, அயலான்னு பொருள். இந்தியர்கள், அரபுக்காரங்க, மலாய் முஸ்லிம்கள்னு மேற்கேயும் தெற்கேயும் இருந்து வந்தவங்களை அந்த ஊர்ல அந்த வார்த்தையாலதான் சொல்லுவாங்க. அதாவது கிட்டத்தட்ட "நம்மாளுங்க வாழைப்பழம்"! அவங்க நம்மளைப் பார்த்துப் பேர் வெச்சிருக்காங்க, நாம அதை பஜ்ஜிக் கடை ஐட்டம்னு டப்பாவை மூடறோம்.

உடனே நம்ம ஆளுங்க சில பேர் "பார்த்தியா, தமிழன்தான் உலகத்துக்கே வாழைப்பழம் பொரிக்கக் கத்துக் கொடுத்தான்"னு கிளம்பிடுவாங்க. தயவுசெஞ்சு வேணாம். வாழையை முதல்ல வீட்டுப் பயிரா ஆக்கினது நியூகினி, தென்கிழக்காசியாப் பக்கம். எண்ணெயும் பழமும் இருக்கிற ஊர்ல யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அதுவாத் தோணும். தோணியும் இருக்கு. கானாவுல பழுத்த வாழையைத் துண்டு துண்டா வெட்டி இஞ்சி, மிளகாய், உப்பு பிசறிப் பொரிச்சா கெலெவெலெ. நைஜீரியாவுல சும்மா வில்லை போட்டுப் பொரிச்சா டோடோ. பிலிப்பைன்ஸ்ல பழுப்புச் சர்க்கரையோட எண்ணெயில போட்டு, பாகு ஒட்டினதை மூங்கில் குச்சியில குத்தி "பனானா க்யூ"ன்னு விக்கிறான். அதையே பலாச்சுளையோட சேர்த்து மெல்லிசா மாவுத்தாள்ல சுருட்டிப் பொரிச்சா டுரோன். பிரேசில்ல சோத்துத் தட்டுலயே பொரிச்ச வாழைப்பழம் ஒரு ஓரமா உக்காந்திருக்கும். இந்தோனேசியா, மலேசியாவுல பீசாங் கோரேங். மலேசியத் தமிழர்கள் வீட்டுலயும் சாயங்கால டீக்கு இதுதான். இந்தோனேசியாக்காரன் அதுமேல சீஸ் துருவிப் போட்டுத் தின்றான், அதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

இவ்வளவு ஊர்ல, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாம, ஏன் எல்லாரும் இதையே செஞ்சாங்க? எனக்கு விடை எங்க வீட்டுக் கொல்லையிலதான் கிடைச்சது. வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும், வெட்டினதும் அந்த மரத்தோட கதை முடிஞ்சுது, பக்கக் கன்னுதான் அடுத்து. ஒரு பூவன் தார்ல நூத்துக்கு மேல பழம் இருக்கும். அது தினம் நாலு நாலாப் பழுக்காது. தாரை வெட்டித் தொங்கவிட்டா நாலஞ்சு நாள்ல மேல் சீப்புல ஆரம்பிச்சு மடமடன்னு மொத்தமும் பழுத்துடும். நீங்க எத்தனை தின்னுவீங்க? அக்கம்பக்கம் கொடுத்தாலும் மிஞ்சும். ஃபிரிட்ஜ்ல வெச்சா தோல் கறுத்துப் போயிடும், 13 டிகிரிக்குக் கீழ வாழைக்கு ஆகாது. அப்ப என்னதான் செய்ய? அடுப்பைப் பத்த வெச்சுச் சட்டியைப் போடு! அம்மாயி சொல்லும், தார் வெட்டின அஞ்சாம் நாள் "பொரிக்கிற நாள்"னு. எங்க மாமா பசங்க எல்லாம் அன்னிக்குக் கரெக்டா வந்துடுவாங்க.

இப்ப எங்க வீட்டுலயே தார் கிடையாது. கொல்லையில வாழை இருந்த இடத்துல போர் போட்டாச்சு, பாத்ரூம் கட்டியாச்சு. பழம் கடையில கிலோ கணக்குல வருது. மிஞ்சறது ரெண்டோ மூணோ, அதுவும் கறுத்துப் போச்சுன்னு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகுது. போடறது யாருன்னு கேட்டா, எங்க அம்மா. அம்மாவை நான் ஒண்ணும் சொல்லல (இதை அவங்க படிக்க வாய்ப்பு இருக்கு). ஆனா சொல்லித்தான் ஆகணும், தோல் கறுத்த அந்தப் பழம்தான் பொரிக்கறதுக்குன்னே பழுத்த பழம். காயா இருக்கும்போது வாழையில இருக்கறது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையா மாறுது. தோல்ல கறுப்புப் புள்ளி விழற நேரத்துல மாவு போய் சர்க்கரை உச்சத்துல இருக்கும். சூடான கல்லுல அந்தச் சர்க்கரை பட்டு பழுப்பாகி ஒரு மணம் வரும் பாருங்க... அதுக்கு எசன்ஸ் பாட்டில் கிடையாது.

"அதெல்லாம் மலையாளத்துக்காரன் சாப்பாடு, நேந்திரம்பழம் இருந்தாத்தான் வரும்"னு ஒரு கோஷ்டி. இவங்களுக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஒதுக்கி வெச்சிருக்கேன்.

கேரளத்துப் பழம்பொரி பிரமாதம், ஒத்துக்கறேன். நேந்திரனை நீளமா அரிஞ்சு மைதா மாவுல முக்கிப் பொரிக்கிறாங்க. மலபார் முஸ்லிம் வீடுகள்ல நோன்பு மாசத்துக்கு அதே நேந்திரனை அவிச்சுப் பிசைஞ்சு உள்ள தேங்காய் வெச்சு உன்னக்காய்னு பொரிக்கிறாங்க. கோட்டயம், கொச்சிப் பக்கம் பழம்பொரியும் பீஃபும் ஜோடி சேர்த்துத் தின்றாங்க. அவங்க கிட்ட நாம கத்துக்க வேண்டியது ருசியை இல்ல, ரோஷத்தை! 2020 ஜனவரியில கேரள ரயில் நிலையங்கள்ல விக்கிற பண்டங்களோட பட்டியல்ல இருந்து ஐ.ஆர்.சி.டி.சி. பழம்பொரி, புட்டு, அப்பம் எல்லாத்தையும் தூக்கிடுச்சு. ஊரே கொதிச்சுது. எர்ணாகுளம் எம்.பி. ஹைபி ஈடன் ரயில்வே அமைச்சருக்கு எழுதினார். கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் திரும்பச் சேர்த்தாங்க. பொரிச்ச வாழைப்பழத்துக்காக ஒரு எம்.பி. கடிதம் எழுதறார்! நம்ம மேடையில ஒரு பொண்ணு டப்பாவை மூடிக்கிட்டு இறங்கினப்ப, நான் உள்பட அரங்கத்துல இருந்த ஒருத்தரும் வாய் திறக்கல.

ஆனா மலையாளத்துக்காரன் மட்டும்தான்னு சொல்றது தப்பு. நாகர்கோவில் பக்கம் டீக்கடையில பழ பஜ்ஜி இல்லாம சாயங்காலம் இல்ல. யாழ்ப்பாணத்துல வாய்ப்பன்னு ஒண்ணு. கனிஞ்சு குழைஞ்ச வாழைப்பழத்தைப் பிசைஞ்சு, கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, உருண்டையா எண்ணெயில விட்டு எடுக்கறது. பிளேன் டீயோட அதைத் தின்ன யாழ்ப்பாணத்துக்காரங்க கனடா போயும் விடல. பழத்தை வீணாக்கக் கூடாதுங்கற கணக்குல வந்த பண்டம்தான் அதுவும்.

இப்ப நேந்திரன் விஷயம். தாய்லாந்துல அந்த க்ளுவாய் கேக் எந்தப் பழத்துல செய்றான்னு தேடிப் பார்த்தேன். க்ளுவாய் நம்வான்னு ஒரு ரகம். வாழை ஆராய்ச்சிக்காரங்க பீசாங் அவாக்னு ஒரு வகையைச் சொல்றாங்க, நம்வா அந்த வகை. அதே வகைதான் நம்ம கற்பூரவல்லி! ஆமாங்க, தோல்ல சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே, அதேதான். உலகத்துலயே பேர் போன பொரிச்ச வாழைப்பழங்கள்ல ஒண்ணு நம்ம ஊர்ச் சந்தைப் பழத்துலதான் செய்யப்படுது. பிலிப்பைன்ஸ்காரனோட சாபா ரகமும் நம்ம மொந்தனோட சாதி சனம்தான். மொந்தனை நாம காயாவே பஜ்ஜி போட்டு முடிச்சுடறோம், பழுக்கவே விடறதில்ல. சேலத்துல தட்டுவடை செட்டுக்கு அவ்வளவு பெருமை பேசறோம். தட்டையில காய்கறியைத் துருவி வெச்சுச் சட்னி தடவினதுக்கு ஊர்ப் பேர் கிடைச்சுடுச்சு. கற்பூரவல்லிக்கு அந்த யோகம் இல்ல.

வாழைக்கு நம்ம பக்கம் குறையா? நாமக்கல் மாவட்டத்துல காவிரிக் கரையோரம் பரமத்தி வேலூர், மோகனூர்னு வாழைதான். வேலூர் ஏல மண்டியில பூவன், பச்சைநாடன், கற்பூரவல்லி, ரஸ்தாளி எல்லாம் தார் கணக்குல, மொந்தன் காய் கணக்குல போகும். பேப்பர்ல அந்த விலைச் செய்தியைத் தொடர்ந்து படிச்சுப் பாருங்க, ஒரு விஷயம் புரியும். ஆடிப்பெருக்கு, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, பொங்கல், அப்புறம் முகூர்த்த நாள், அப்பத்தான் விலை ஏறுது. விசேஷம் இல்லாத மாசம் தார் விலை சரிஞ்சு போகுது. அதாவது நாம பழத்தைச் சாமிக்கும் கல்யாணத்துக்கும்தான் வாங்கறோம், வாய்க்கு வாங்கறது கொஞ்சம். இந்தியாவுல வருஷத்துக்கு 3 கோடி டன்னுக்கு மேல வாழை விளையுது, உலக உற்பத்தியில ஏறக்குறைய கால்வாசி. ஏற்றுமதி அதுல ரொம்பச் சின்னப் பங்குதான். மிச்சம் எல்லாம் நாமதான் தின்னாகணும். திருச்சியில 1993ல இருந்து வாழைக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கு. வாழையில மாவு, சிப்ஸ், ஊறுகாய்னு என்னென்னவோ செய்யச் சொல்லித் தர்றாங்க. நம்ம வீட்டு அடுப்புல ஒரு பழத்தைப் பொரிக்க எந்த மையமும் தேவையில்ல.

எல்லாரும் வாழைப்பழம் பொரிச்சா தார் விலை ஏறிடும்னு சொல்ற அளவுக்கு நான் விவரம் கெட்டவன் இல்ல. என் தோழியோட அப்பாவுக்குக் கடன் இருக்கு, அது நெய்யில வறுத்தா அடையாது. கோடைச் சூறைக்காத்துல ஒரு ராத்திரியில மரம் எல்லாம் சாஞ்சா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா தன் வயல்ல விளைஞ்சதை ஒரு பொண்ணு மேடையில வெச்சா, அதை ருசி பார்க்காம தள்ளறதுக்கும், அந்த வயலைப் பத்தி நமக்கு இருக்கற மதிப்புக்கும் சம்பந்தம் இருக்கு. இதே பழம் சென்னையில ஒரு ஏசி ஹோட்டல்ல "பனானா ஃப்ரிட்டர்ஸ் வித் வெனிலா"ன்னு வந்தப்ப 220 ரூபா பில் கொடுத்தோம். நாலு துண்டு. மாவுதான் ஜாஸ்தி. போட்டோ எடுத்துப் போட்டு ஆகா ஓகோன்னு எழுதினது யாரு? நானேதான். அதனால இந்தத் திட்டுல எனக்கும் பங்கு உண்டு.

அடுத்து ஜிம் கோஷ்டி. "மச்சி, அது பூரா சுகரு, அதுலயும் டீப் ஃப்ரை... விஷம்டா." சரி, கணக்குப் போடுவோம். 100 கிராம் வாழைப்பழம் ஏறக்குறைய 90 கலோரி. தோசைக்கல்லுல ஒரு டீஸ்பூன் நெய் 45. மொத்தம் 135. நல்லாக் கனிஞ்ச பழத்துக்குச் சர்க்கரை தேவையே இல்ல. முதல் பரிசு வாங்கின அந்த டம்ளரைக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வாங்க. எண்ணெயில முழுக்கப் பொரிச்சா கூடும், மைதா மாவுல முக்கினா இன்னும் கூடும், அதை மறுக்கல. ஆனா விஷம்னு சொல்லணும்னா பழத்தைச் சொல்லாதீங்க, எண்ணெயைச் சொல்லுங்க. காலையில போட்ட எண்ணெயிலயே ராத்திரி வரைக்கும் சுடறதுதான் கேடு. திரும்பத் திரும்பக் காயற எண்ணெயில சேர்ற போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலை 1ல இருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதியே இருக்கு. வீட்டுல நாலு பேருக்கு ஒரு கரண்டி நெய்யில செய்யறதுக்கு அந்தப் பயம் இல்ல.

சுகர் இருக்கறவங்களுக்கு இது ஆகாது, அதைச் சொல்லாம விட்டா தப்பு. எங்க அம்மாயிக்கு இப்ப சுகர். அஞ்சு வருஷமா ஒரு துண்டு தின்னதில்ல. ஆனா நாங்க போனா கல்லைப் போட்டுப் பக்கத்துல உக்காந்து, "திருப்பாத, இன்னும் சிவக்கல"ன்னு கண்ணால பார்த்தே பதம் சொல்லும். வாசனையிலயே சொல்லும் சில சமயம்.

பெரியவங்க தரப்புல ஒரு வாதம் உண்டு. "சாமிக்கு வைக்கிற பழத்தைப் போய் நெருப்புல போடறதா?" எங்க பெரியப்பா சொல்லுவார். பெரியப்பா, கார்த்திகைக்கு அப்பம் சுடறப்ப பச்சரிசி மாவு, வெல்லத்தோட பழத்தைப் பிசைஞ்சு போட்டு எண்ணெயில விடறோமே, அது என்னவாம்? சாமி கோவிச்சுக்கிட்டதாத் தெரியல. பக்கத்து மாநிலத்துல உண்ணியப்பத்தைக் கொட்டாரக்கரைப் பிள்ளையாரே வாங்கிக்கறார். பெரியப்பா இதுக்குப் பதில் சொல்லல, ஆனா மூணு துண்டு எடுத்துக்கிட்டார்.

சரி, சொன்ன மாதிரி அந்தக் குறிப்பு. கற்பூரவல்லி ஆறு பழம். தோல்ல புள்ளி விழுந்திருக்கணும், அமுக்கினா குழையக் கூடாது. நீளவாக்குல ரெண்டாக் கீறுங்க. தோசைக்கல்லு இரும்பா இருந்தா நல்லது, நான்ஸ்டிக்ல அந்தச் சிவப்பு வராது. கல்லு காஞ்சதும் தீயைக் குறைச்சு நெய் விட்டு, வெட்டின பக்கம் கீழ இருக்கற மாதிரி வைங்க. வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எல்லாரும் கெடுக்கற இடம் இதுதான், அவசரப்பட்டுத் திருப்பினா ஒட்டிக்கிட்டுப் பிஞ்சு வரும். தானா விட்டு வரும்போது திருப்பினா செம்பழுப்பா இருக்கும். ஒரு சிட்டிகை உப்பு, அம்மாயி ரகசியம். பூவன்னா கொஞ்சம் புளிப்பு இருக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனா சீக்கிரம் குழையும், அதுக்கு வாய்ப்பன் மாதிரி பிசைஞ்சு உருட்டறதுதான் சரி. ரஸ்தாளியைப் பொரிக்காதீங்க, அது பச்சையாத் தின்னப் பொறந்தது.

மாவுல முக்கித்தான் வேணும்னா மைதா வேணாம். தாய்லாந்துக்காரன் வழி: அரிசி மாவு, தேங்காய்த் துருவல், எள்ளு, அதைக் கரைக்கச் சுண்ணாம்புத் தெளிவு. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கி வெச்சு, அடியில தங்கினதை விட்டுட்டு மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுக்கறது. மேல்பூச்சு ரொம்ப நேரம் மொறுமொறுன்னு நிக்கும். அரிசி மாவும் எள்ளும் நம்ம வீட்டுல இல்லையா, இல்ல தேங்காய்தான் இல்லையா? சுண்ணாம்புக்கு அம்மாயியோட வெத்தலைப் பை இருக்கு. ஒரு தடவை செஞ்சு பார்த்தேன். முதல் ஈடு கருகிடுச்சு, ரெண்டாவது ஈடு தட்டுக்கு வர்றதுக்குள்ள காலி. அம்மாயி கிட்ட "இது தாய்லாந்துப் பலகாரம்"னு சொன்னேன். "அந்த ஊர்லயும் தார் ஒண்ணாத்தான் பழுக்குமா?"ன்னு கேட்டுச்சு.

பி.கு. 1: நடுவர் யாருன்னு கேட்டு யாரும் என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க. ஆள் நல்லவர்தான், வேற விஷயத்துல.

பி.கு. 2: வகுப்பு மக்களுக்கு. தோழி வீட்டுல இந்த வாரம் ஒரு தார் வெட்டறாங்க. அவங்க அப்பா அரைத் தார் தர்றேன்னு சொல்லியிருக்கார், காசு கொடுத்துத்தான் வாங்கறோம், மண்டி விலைக்குக் குறையாம. அடுத்த சனிக்கிழமை மதியம் நம்ம ரூம். என்கிட்ட தோசைக்கல்லு இருக்கு, நெய் இருக்கு. இரும்புக்கல்லு ஏத்துக்கற மாதிரி ஒரு இண்டக்ஷன் ஸ்டவ் யாராவது கொண்டு வாங்க. பிஸ்கட் பாக்கெட்டோட வர்றவங்களுக்கு அனுமதி இல்ல.